முதன்முறையாகச் சேர்ச்சுக்கு வருகிறீர்களா? கொழும்பில் புதியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழும்பில் ஒரு தமிழ்ச் சபையில் ஞாயிறு காலையில் வாசலில் நின்று வருபவர்களை வரவேற்பது என் பொறுப்பு. அலுவலக நண்பரின் தாயாருடைய 31ஆம் நாள் நினைவுக்கு வருபவர்கள், கிறிஸ்தவக் குடும்பத்தில் சம்பந்தம் செய்யப்போகிறவர்கள், காலி வீதியால் தினமும் போகும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க நினைத்தவர்கள், மனச்சுமை தாங்காமல் வருபவர்கள் என்று பலர் வருகிறார்கள். அவர்கள் வாசலில் தயங்கி நின்று கேட்கும் கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். நான் புரட்டஸ்தாந்து (கத்தோலிக்கத்திலிருந்து பிரிந்த) சபையைச் சேர்ந்தவன். தாய்வழி உறவினர் எல்லோரும் கத்தோலிக்கர். ஆகவே இரண்டு பக்கத்தையும் சொல்கிறேன்.

நான் கிறிஸ்தவன் இல்லை. வரலாமா?

தாராளமாக வரலாம். ஞாயிறு ஆராதனை எல்லோருக்கும் திறந்தது. அழைப்பிதழோ அனுமதியோ தேவையில்லை, முன்கூட்டியே பெயர் கொடுக்கவும் வேண்டாம். யாரும் உங்கள் சமயத்தைக் கேட்டு உள்ளே விடுவதில்லை. "எங்கிருந்து வருகிறீர்கள்?" என்று கேட்டால் அது அன்பினால் கேட்பது. ஊரைச் சொன்னாலே போதும்.

எல்லாச் சேர்ச்சும் ஒன்றுதானே? எதற்குப் போவது?

ஒன்றல்ல. ஒரு இடத்துக்குப் போய்விட்டு "கிறிஸ்தவர்களின் வழிபாடு இப்படித்தான்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். கொழும்பின் சபைகள் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு வழியாக வந்தவை.

கத்தோலிக்கம் போர்த்துக்கேயர் காலத்தில் வேரூன்றியது. ஒல்லாந்தர் அதைத் தடைசெய்தார்கள், குருமார் மறைந்து திரிந்து பூசை வைத்தார்கள். கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தின் தொடக்கக் கதையே அந்தக் காலத்தில் ஒளிந்திருந்த ஒரு குருவைப் பற்றியதுதான். கொட்டாஞ்சேனையில் பெரிய குவிமாடத்தோடு நிற்கும் புனித லூசியாள் பேராலயம் கொழும்புப் பேராயரின் இருக்கை. கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, முகத்துவாரம் பக்கம் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன.

ஒல்லாந்தர் கட்டியது 1757இல் திறக்கப்பட்ட உல்பெண்டால் ஆலயம். சுவரின் கனத்தைப் பார்க்கவே ஒருமுறை போகலாம். ஆங்கிலேயர் காலத்தில் அங்கிலிக்கன் சபையும் மெதடிஸ்த சபையும் வந்தன. புறக்கோட்டை மெதடிஸ்த ஆலயம் 1816இல் திறக்கப்பட்டது. ஜிந்துப்பிட்டி புனித தோமாவின் ஆலயம் தமிழ் அங்கிலிக்கன்களின் பழைய இடம். பிறகு வந்தவை பெந்தெகொஸ்தே சபைகள். அவற்றில் சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் 1920களில் இதே கொழும்பில்தான் தொடங்கியது. இன்று அது பல நாடுகளில் இருக்கிறது.

எதைத் தெரிவு செய்வது? அமைதியும் ஒழுங்குமுறையும் பிடிக்குமென்றால் கத்தோலிக்கத் திருப்பலி அல்லது அங்கிலிக்கன் ஆராதனை. வேதத்தை விளக்கிப் பேசுவதைக் கேட்க வேண்டுமென்றால் மெதடிஸ்த சபை. கைதட்டிப் பாடுவதும் வாய்விட்டு ஜெபிப்பதும் உங்கள் மனதுக்கு ஒத்துவருமென்றால் பெந்தெகொஸ்தே சபை. தெரிந்தவர் ஒருவர் அழைத்திருந்தால் இந்த யோசனை எதுவும் வேண்டாம், அவர் போகும் இடத்துக்கே போங்கள். பக்கத்தில் ஒருவர் இருப்பது பெரிய உதவி.

தமிழில் எங்கே, எத்தனை மணிக்கு?

கொழும்பின் பல ஆலயங்களில் ஒரே ஞாயிறில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் வெவ்வேறு நேரத்தில் ஆராதனை நடக்கும். வாசல் பலகையில் நேரமும் மொழியும் எழுதியிருக்கும். இணையத்தில் கிடைக்கும் நேரத்தை நம்பி வந்து ஏமாந்தவர்கள் உண்டு. முந்திய நாள் ஆலயத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்பது நல்லது. கத்தோலிக்க ஆலயங்களில் சனி மாலைத் திருப்பலியும் ஞாயிறுத் திருப்பலியாகவே கணக்கு. ஞாயிறு வேலை உள்ளவர்களுக்கு அது வசதி.

பத்து நிமிடம் முந்தி வாருங்கள். பாணந்துறை, மொரட்டுவைப் பக்கமிருந்து காலி வீதியால் வரும் 100, 101 பஸ்கள் ஞாயிறு காலையில் வார நாள்போல அடிக்கடி வராது.

என்ன உடுக்க வேண்டும்?

ஒரு பெரியவர் வீட்டுக்கு மரியாதைக்குப் போவதானால் எதை உடுப்பீர்களோ அதுவே போதும். ஆண்களுக்குக் காற்சட்டையும் சேர்ட்டும், வேட்டியும் பொருந்தும். பெண்களுக்குச் சேலை, சுடிதார், முழங்கால் மறைக்கும் பாவாடையோ கவுனோ எதுவும் சரி. கட்டைக் காற்சட்டையும் கையில்லாத மேற்சட்டையும் வேண்டாம். கொழும்பு வெயிலுக்குப் பருத்தி உடுப்பே நல்லது. பழைய ஆலயங்கள் பலவற்றில் மின்விசிறி மட்டும்தான்.

வயதான கத்தோலிக்கப் பெண்கள் சிலர் தலையில் முக்காடு போட்டிருப்பார்கள். நீங்களும் போட வேண்டும் என்றில்லை.

பொட்டு, திருநீறு அணிந்து வரலாமா?

வரலாம். தமிழ்க் கத்தோலிக்கப் பெண்கள் பலரே பொட்டு வைப்பவர்கள். சில பெந்தெகொஸ்தே சபைகளில் அங்கத்தவர்கள் நகையும் பொட்டும் அணிவதில்லை. அது அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட ஒழுங்கு, விருந்தாளிக்கு உரியதல்ல. நெற்றியை அழித்துவிட்டு வரும்படி யாராவது உங்களிடம் சொன்னால், அவர் சபையின் சார்பில் பேசவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சப்பாத்தைக் கழற்ற வேண்டுமா?

பெரும்பாலான கொழும்பு ஆலயங்களில் தேவையில்லை. பாயில் இருந்து ஆராதிக்கும் சபைகளில் கழற்ற வேண்டும். வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தால் நீங்களும் கழற்றுங்கள், அவ்வளவுதான்.

வாசலில் பையைச் சோதிக்கிறார்களே?

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டு வெடித்தது. கொழும்பில் மூன்று பெரிய ஹோட்டல்களும் அன்று தாக்கப்பட்டன. 250க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பெரும்பங்கினர் பூசைக்கும் ஆராதனைக்கும் வந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள். அதன் பிறகு சில வாரங்கள் கத்தோலிக்க ஆலயங்களில் ஞாயிறுத் திருப்பலியே நடக்கவில்லை. கொச்சிக்கடை ஆலயம் அதே ஆண்டு ஜூனில் மீண்டும் திறந்தது.

அன்றிலிருந்து பெரிய ஆலயங்களில் பை பார்க்கும் வழக்கம் இருக்கிறது. நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் பொலிஸாரும் படையினரும் வாசலில் நிற்பார்கள். உங்கள் மேல் சந்தேகப்பட்டுச் செய்வதல்ல, எல்லோருக்கும் ஒன்றுதான். சிறிய கைப்பையோடு வாருங்கள். பயணப் பையோடு ஊரிலிருந்து நேரே வருவதானால், ஆலயத்தில் சொல்லிவிட்டு வைக்கும் இடத்தைக் கேளுங்கள், வாங்கின் அடியில் விட்டுவிட்டு வெளியே போகாதீர்கள். அந்த நாளில் உறவுகளை இழந்தவர்கள் இன்றும் அதே வாங்குகளில் வந்து இருக்கிறார்கள். புதியவர்கள் ஆர்வத்தில் அவர்களைத் துருவிக் கேட்காமல் இருந்தால் நான் நன்றியுள்ளவனாக இருப்பேன்.

எங்கே இருக்க வேண்டும்?

விரும்பிய வாங்கில் இருக்கலாம். என் ஆலோசனை, நடுப்பகுதியில் ஓரமாக இருங்கள். முன் வரிசையில் இருந்தால் எப்போது எழும்புவது என்று பார்த்துச் செய்ய முன்னால் ஆள் இருக்காது. கடைசி வரிசையில் இருந்தால் எதுவும் கேட்காது. சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் போன்ற சபைகளில் ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாக இருப்பார்கள். மற்ற இடங்களில் குடும்பமாக இருக்கலாம்.

உள்ளே என்னதான் நடக்கும்?

கத்தோலிக்கத் திருப்பலியை முதலில் சொல்கிறேன். நம் வீடுகளில் பூசை என்றே சொல்வார்கள். வாசலில் ஒரு சிறு கிண்ணத்தில் தீர்த்தம் இருக்கும். உள்ளே வருபவர்கள் விரலை நனைத்துச் சிலுவை அடையாளம் போடுவார்கள். நீங்கள் போட வேண்டியதில்லை. வருகைப் பாடலோடு குருவானவர் பீடத்துக்கு வருவார். செய்த பாவங்களுக்கு எல்லோரும் சேர்ந்து மன்னிப்புக் கேட்பார்கள். பிறகு வேதத்திலிருந்து வாசகங்கள், இடையில் பதிலுரைப் பாடல். நற்செய்தி வாசிக்கும்போது எல்லோரும் எழும்பி, நெற்றியிலும் உதட்டிலும் நெஞ்சிலும் பெருவிரலால் சிறு சிலுவை வரைவார்கள். நினைவிலும் சொல்லிலும் உள்ளத்திலும் அந்த வார்த்தை தங்கட்டும் என்பது அதன் கருத்து. எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. கூட்டம் முழுவதும் ஒரு கணத்தில் ஒரே அசைவாகச் செய்வதைப் பாருங்கள்.

அடுத்து மறையுரை, விசுவாசப் பிரமாணம், மன்றாட்டுகள், காணிக்கை. அதன் பின் அப்பத்தையும் திராட்சை இரசத்தையும் குருவானவர் அர்ப்பணிக்கும் பகுதி. மணி ஒலிக்கும், எல்லோரும் முழங்காலில் நிற்பார்கள். இயேசு கற்றுக்கொடுத்த பரலோக மந்திரம் என்ற ஜெபத்தைச் சொல்லி, ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்வார்கள். பக்கத்தில் இருப்பவர் உங்களைப் பார்த்துக் கைகூப்பினால் நீங்களும் கைகூப்புங்கள். பிறகு நற்கருணை, இறுதி ஆசீர்வாதம். மொத்தம் ஒரு மணி நேரமளவில் முடிந்துவிடும்.

அங்கிலிக்கன் ஆராதனை பெரும்பாலும் இதே ஒழுங்கில் போகும். மெதடிஸ்த ஆராதனையில் பிரசங்கம் நீளம், பாடல்களும் அதிகம். ஆங்கில மெட்டில் ஞானப்பாட்டும், கர்நாடக இராகத்தில் கீர்த்தனையும் இரண்டும் வரும். பிரசங்க பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு மரப்பலகை தொங்கும், அதில் அன்றைய பாடல்களின் இலக்கங்கள் மேலிருந்து கீழே வரிசையாகச் செருகியிருக்கும். பாட்டுப் புத்தகத்தை எடுத்து அந்த இலக்கங்களில் கடதாசித் துண்டு வைத்துக்கொண்டால் எந்த இடத்திலும் தவற மாட்டீர்கள். புத்தகம் இல்லையென்றால் பக்கத்தில் இருக்கும் அன்ரியைப் பாருங்கள், கேட்க முன்னமே தன் புத்தகத்தை உங்கள் பக்கம் நகர்த்துவார்.

பெந்தெகொஸ்தே ஆராதனை இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது, மூன்றும் ஆகலாம். முதல் முக்கால் மணி நேரம் பாட்டுத்தான். கீபோர்ட், ட்ரம்ஸ், ஒலிபெருக்கி எல்லாம் இருக்கும். ஒரே நேரத்தில் எல்லோரும் சத்தமாக ஜெபிப்பார்கள், சிலர் அழுவார்கள், சிலர் புரியாத பாஷையில் பேசுவார்கள். அந்நிய பாஷை என்று அவர்கள் சொல்வது அதைத்தான். ஆவியானவர் கொடுக்கும் வரம் என்று நம்புகிறார்கள். முதல் தடவை பார்ப்பவருக்குப் பயமாக இருக்கலாம். உங்களுக்கு எதுவும் ஆகாது. சத்தம் தாங்கவில்லையென்றால் வெளியே போய் நின்றுவிட்டு வரலாம்.

எல்லோரும் எழும்பும்போது நானும் எழும்ப வேண்டுமா?

எழும்புவது மரியாதை. முழங்காலில் நிற்பது கட்டாயமில்லை, அப்போது அமைதியாக இருந்தால் போதும். முழங்கால் வருத்தம் உள்ள அங்கத்தவர்களே இருந்துகொண்டுதான் ஜெபிக்கிறார்கள். சொல்லத் தெரியாத ஜெபத்தைச் சொல்ல வேண்டாம், நம்பாததை வாயால் சொல்லவும் வேண்டாம். அதை யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள்.

எல்லோரும் வரிசையில் போய் ஏதோ வாங்கிச் சாப்பிடுகிறார்களே, நானும் போகலாமா?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

இந்துக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்குக் கோயிலில் தருவதை வாங்காமல் விடுவதுதான் அவமரியாதை. ஆகவே நல்ல மனதோடு வரிசையில் சேர்ந்துவிடுகிறார்கள். ஆனால் நற்கருணை பிரசாதம் அல்ல. புளிப்பில்லாத கோதுமை மாவில் செய்த அந்த மெல்லிய வட்ட அப்பம், அர்ச்சிக்கப்பட்ட பிறகு உண்மையாகவே கிறிஸ்துவின் உடல் என்று கத்தோலிக்கர் விசுவசிக்கிறார்கள். குருவானவர் அதை உயர்த்தி "கிறிஸ்துவின் உடல்" என்பார், வாங்குபவர் "ஆமென்" என்று அந்த விசுவாசத்தை ஏற்றுச் சொல்வார். திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்று, ஆயத்தப்படுத்தி, முதல் நற்கருணை பெற்ற கத்தோலிக்கருக்கே அது உரியது. வேறு சபைக் கிறிஸ்தவனான நானும் என் உறவினர் வீட்டுத் திருப்பலியில் வாங்குவதில்லை. வாங்கிலேயே இருப்பேன்.

நீங்களும் அப்படியே இருங்கள். உங்கள் வாங்கில் உள்ளவர்கள் எழும்பிப் போகும்போது, காலை ஒதுக்கி வழிவிட்டால் போதும். தெரியாமல் வரிசையில் போய்விட்டால் பதற வேண்டாம். குருவானவருக்கு முன்னால் வந்ததும் கையை நீட்டாமல், "நான் கத்தோலிக்கர் இல்லை, பாதர்" என்று மெதுவாகச் சொல்லுங்கள். கையில் கிடைத்துவிட்டால் பைக்குள்ளோ கைக்குட்டையிலோ வைக்க வேண்டாம், வீட்டில் உள்ளவர்களுக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். அதே இடத்தில் குருவானவரிடம் திருப்பிக் கொடுங்கள். கோபிக்க மாட்டார். சிறு பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளைப் பார்த்து ஓடிவிடுவார்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

புரட்டஸ்தாந்து சபைகளில் இது திருவிருந்து. மெதடிஸ்த சபைகளில் பெரும்பாலும் எல்லா ஞாயிறும் இருக்காது. அப்பத்துண்டும் சிறு கிண்ணத்தில் திராட்சைச் சாறும் கொடுப்பார்கள். யார் பங்குபெறலாம் என்பதைப் போதகர் முன்பே சொல்வார். கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள், ஐயமிருந்தால் இருந்துவிடுங்கள். அங்கிலிக்கன் ஆலயங்களில் நெஞ்சில் கைகளைக் குறுக்காக வைத்துக்கொண்டு முன்னால் போனால் அப்பம் தராமல் ஆசீர்வாதம் மட்டும் தரும் வழக்கம் உண்டு.

திருநாட்களில் ஆசீர்வதித்த பாண் பங்கிட்டுக் கொடுத்தால் அது வேறு. அதை எல்லோரும் வாங்கலாம்.

காணிக்கை எவ்வளவு போட வேண்டும்?

விருந்தாளி எதுவும் போட வேண்டியதில்லை. காணிக்கைப் பை உங்களிடம் வந்தால் அடுத்தவரிடம் கொடுத்துவிடுங்கள். போட விரும்பினால் எந்தத் தொகையும் சரி. சிலர் கடித உறை போடுவதைக் காண்பீர்கள், அது அங்கத்தவர்களின் மாதச் சந்தா. மேடையிலிருந்து ஒரு தொகையைச் சொல்லி, அதைக் கொடுத்தால் நோய் மாறும், கடன் தீரும் என்று யாராவது கேட்டால், கொடுக்காதீர்கள். இதை ஒரு கிறிஸ்தவனாகவே சொல்கிறேன்.

குழந்தை அழுதால்?

அழட்டும். அதிகம் அழுதால் வெளி விறாந்தைக்குக் கொண்டுபோய் ஆற்றிவிட்டு வாருங்கள். மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபைகளில் பிள்ளைகளை ஆராதனையின் நடுவில் ஞாயிறு பாடசாலைக்கு அனுப்புவார்கள். உங்கள் பிள்ளையும் போகலாம், உங்களோடு இருப்பதானாலும் சரி. எது வசதி என்று நீங்களே தீர்மானியுங்கள்.

படம் எடுக்கலாமா?

ஆராதனை நேரத்தில் வேண்டாம். தொலைபேசியைச் சத்தமில்லாமல் வையுங்கள். முடிந்த பிறகு கட்டடத்தைப் படமெடுக்கலாம். ஜெபித்துக்கொண்டிருப்பவர்களை ஒருபோதும் எடுக்காதீர்கள்.

புதியவர்களை எழும்பி நிற்கச் சொல்வார்களா?

கத்தோலிக்க ஆலயத்தில் இல்லை. புரட்டஸ்தாந்து சபைகள் பலவற்றில் அறிவித்தல் நேரத்தில் "முதல் தடவையாக வந்திருப்பவர்கள்" என்று கேட்பார்கள். விருப்பமென்றால் எழும்பலாம், கைதட்டுவார்கள். கூச்சமென்றால் அசையாமல் இருக்கலாம். பெயரும் தொலைபேசி இலக்கமும் கேட்டு ஒரு படிவம் தந்தால், நிரப்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மதம் மாறச் சொல்வார்களா?

நேர்மையாகச் சொல்கிறேன். கத்தோலிக்க, அங்கிலிக்கன், மெதடிஸ்த ஆலயங்களில் ஞாயிறு ஆராதனைக்கு வந்த ஒருவரைப் பிடித்து வைத்து மதம் மாறச் சொல்வதில்லை. கத்தோலிக்கராக விரும்பும் வளர்ந்தவர் ஒருவரே பல மாதங்கள் ஆயத்தமாக வேண்டும். வழமையாக உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய இரவான பாஸ்கா திருவிழிப்பில்தான் அவருக்குத் திருமுழுக்கு.

பெரிய சபைகள் எதனோடும் சேராத சுயாதீன சபைகள் சிலவற்றில் பிரசங்க முடிவில் "இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கையை உயர்த்துங்கள், முன்னால் வாருங்கள்" என்று அழைப்பார்கள். பாட்டும் உருக்கமுமாக இருக்கும் அந்த நேரத்தில் மறுப்பது கஷ்டம்தான். ஆனாலும் மனம் உண்மையில் அசைந்தால் மட்டும் போங்கள். பக்கத்தில் இருப்பவர் தோளைத் தட்டினார் என்பதற்காகப் போக வேண்டாம். விரும்பிய சமயத்தைக் கைக்கொள்ளும் உரிமையை நாட்டின் அரசியலமைப்பே எல்லோருக்கும் தந்திருக்கிறது. அது சேர்ச்சுக்குள் இருக்கும்போதும் உங்களுடையதுதான். வற்புறுத்திப் பெற்ற விசுவாசத்தால் சபைக்கும் பயனில்லை.

குருவானவரை எப்படி அழைப்பது?

கத்தோலிக்க, அங்கிலிக்கன் குருமாரைப் "பாதர்" என்றால் சரி. வயதானவர்கள் "சுவாமி" என்பார்கள். மெதடிஸ்த போதகரை "ஐயா", பெந்தெகொஸ்தே போதகரைப் "பாஸ்டர்". கன்னியாஸ்திரிகள் "சிஸ்டர்". மற்றவர்களெல்லாம் வழமைபோல அண்ணா, அக்கா, அங்கிள், அன்ரிதான்.

செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக்கு மட்டும் போவேன். அதுவும் ஆராதனைதானா?

செவ்வாய் அந்தோனியாருக்குரிய நாள். இந்துக்களும் பௌத்தர்களும் கத்தோலிக்கரும் ஒரே வரிசையில் நிற்கும் நாள். மல்லிகை மாலையும் மெழுகுதிரியும் வாங்கி, சுரூபத்தை (சிலையை) தொட்டுக் கும்பிட்டு, நேர்த்தி சொல்லிவிட்டுப் போவார்கள். அது தனிப்பட்ட மன்றாட்டு. எந்த ஒழுங்கும் தெரிந்திருக்க வேண்டியதில்லை, வந்த நேரம் வந்து போகலாம். திருப்பலி என்பது சபையாகக் கூடிச் செய்வது. செவ்வாயில் மெழுகுதிரி கொளுத்திவிட்டுப் போகும் ஒருவர், அடுத்த தடவை திருப்பலி நேரத்தைப் பார்த்து வந்து ஒரு மணி நேரம் உள்ளே இருந்தால், தான் இத்தனை காலம் வாசல்வரை வந்த இடத்தை முழுதாகக் காண்பார். ஜூன் 13 திருநாளன்று மட்டும் முதல் தடவை வர நினைக்காதீர்கள். நிற்கவே இடம் கிடைக்காது.

நத்தாருக்கு வரலாமா? பெரிய வெள்ளிக்கு?

நத்தார் நள்ளிரவுத் திருப்பலி அழகானது, ஆனால் கூட்டம். பெரிய வெள்ளியில் கத்தோலிக்க ஆலயங்களில் திருப்பலியே கிடையாது. இயேசுவின் பாடுகளின் வாசகமும், சிலுவையை முத்தி (முத்தம்) செய்வதும், முன்பே அர்ச்சித்து வைத்த நற்கருணையைக் கொடுப்பதும்தான். புரட்டஸ்தாந்து சபைகள் பலவற்றில் நண்பகலிலிருந்து மூன்று மணி வரை, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகள் பற்றித் தியானம் நடக்கும். துக்க நாளின் கனம் அதில் இருக்கும். முதல் வருகைக்குச் சாதாரண ஞாயிறே நல்லது. சபையின் அன்றாட முகத்தை அன்றுதான் பார்ப்பீர்கள்.

நண்பர் வீட்டு 31ஆம் நாள் பூசை. என்ன கொண்டுபோவது?

ஒன்றும் வேண்டாம். வெள்ளை அல்லது மங்கிய நிற உடுப்பு. முடிந்ததும் குடும்பத்தாரிடம் போய்க் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். வீட்டுக்குச் சாப்பாட்டுக்கு அழைத்தால் போங்கள்.

ஆராதனை முடிந்ததும் உடனே போய்விடலாமா?

போகலாம். ஆனால் புரட்டஸ்தாந்து சபைகள் பலவற்றில் தேத்தண்ணீரும் பட்டிஸும் ரோல்ஸும் இருக்கும். அறுப்பின் பண்டிகை ஞாயிறென்றால் தேங்காயும் வாழைக்குலையும் கேக்கும் ஏலம் போகும், நீங்களும் கேட்கலாம். மனதில் பாரம் உள்ளவர்கள் அந்தச் சந்தடியில் போதகரைப் பிடித்துக் கதைக்க முயல வேண்டாம். வாசலில் ஐம்பது பேருக்குக் கைகொடுத்துக்கொண்டிருப்பவரால் உங்களைச் சரியாகக் கேட்க முடியாது. "வார நாளில் வந்து சந்திக்கலாமா?" என்று மட்டும் கேட்டு, நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். சமயத்தை மாற்றாமலே வந்து கதைக்கலாம், கட்டணம் இல்லை. பெண்கள் தனியே கதைக்க விரும்பினால் சிஸ்டரையோ போதகரின் மனைவியையோ கேட்டுப் போகலாம்.